ராஜதந்திரம் என்பது என்ன? சமஸ்தானங்கள் இணைந்த வரலாற்றின் வழியே ஓர் எளிய விளக்கம்

தேர்தல் நெருங்கும் வேளையில் ஒரு கட்சி இரவோடு இரவாக அணி மாறினால் அதை ராஜதந்திரம் என்கிறார்கள். எதிரணியிலிருந்து நான்கு சட்டமன்ற உறுப்பினர்களை இழுத்துக்கொண்டாலும் அதே பெயர்தான். இன்னொரு பக்கம், நல்லவர் ஒருவர் ஆட்சிக்கு வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ராஜதந்திரம் என்ற பேச்சே அருவருப்பாக இருக்கிறது. முதல் தரப்பார் மனிதர்களை ஏமாற்றப்பட வேண்டியவர்களாகப் பார்க்கிறார்கள். இரண்டாம் தரப்பார் மனிதர்கள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மனிதர்கள் உண்மையில் எப்படி இருக்கிறார்கள் என்று இரு தரப்பாருமே நின்று பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரையில் ராஜதந்திரம் என்று நான் குறிப்பிடுவது இதைத்தான்: பொதுநலனுக்குத் தேவைப்படும் ஒரு பெரிய மாற்றத்தை, அகந்தை, அச்சம், ஆசை, பொறாமை, பழம்பகை ஆகியவற்றோடு வாழும் மனிதர்களைக் கொண்டே, கூடியமட்டும் குறைந்த சேதத்தோடு நிறைவேற்றும் திறன். இதைக் கருத்தளவில் மட்டும் சொன்னால் மனத்தில் தங்காது. ஆகவே 1947 முதல் 1949 வரை இந்தியாவில் சமஸ்தானங்கள் இணைக்கப்பட்ட வரலாற்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வல்லபபாய் பட்டேலை இரும்பு மனிதர் என்று சொல்லிச் சொல்லி, அவர் மன்னர்களை மிரட்டியே பணிய வைத்தார் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துபோயிருக்கிறது. நடந்தவற்றில் பெரும்பகுதி அப்படி நடக்கவில்லை.

பாகப்பிரிவினையில் தெரியும் மனித இயல்பு

கிராமத்தில் அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நன்செயில் பாதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்த மூத்தவர், கோவில் திருவிழாவில் தமக்குக் கட்டப்படும் பரிவட்டத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று அடம்பிடிப்பார். ஒரு முழத் துணிக்கா இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டு அதை ஒதுக்கித் தள்ளுகிற பஞ்சாயத்து, வழக்கை இருபது ஆண்டுக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கிறது. அனுபவமுள்ள பெரியவர் வேறு விதமாகச் செய்வார். முதல் மரியாதை உயிரோடு இருக்கும்வரை மூத்தவருக்கே என்று முதலிலேயே ஊரறியச் சொல்லிவிடுவார். அதன் பிறகு கிணற்று முறைத்தண்ணீரும் தோப்பும் சிக்கலில்லாமல் பிரிந்துவிடும்.

இந்தப் பெரியவர் யாரையும் ஏமாற்றவில்லை. மூத்தவரைத் திருத்தி நல்லவராக்கவும் முயலவில்லை. அவருடைய கௌரவ உணர்வைக் குற்றமாகக் கருதாமல், நிலத்தின் பரப்பளவைப் போல அதையும் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். புதிதாகக் கிடைக்கப்போவதைவிடக் கையில் இருப்பது போய்விடுமே என்பதில்தான் மனிதருக்குக் கவலை அதிகம் என்பதும், பொருளை இழப்பதைவிடப் பிறர் கண்ணெதிரே இழப்பது கூடுதலாக வலிக்கும் என்பதும், தமக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு கிடைத்தது என்றுதான் பார்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மனித இயல்பு என்று இங்கே நான் சொல்வது இவற்றைத்தான். தத்துவ ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

சுருக்கமாக: மனித இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதென்றால் தீமைக்கு உடன்படுவதாகாது. எதிரில் இருப்பவருக்கு எது வலிக்கும், எது வலிக்காது என்பதை அறிந்து செயல்படுவதாகும்.

1947-இல் இருந்த சிக்கல்

பிரிட்டிஷ் இந்தியா என்று நாம் வரைபடத்தில் பார்ப்பது முழுவதும் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருக்கவில்லை. 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. துணைக்கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும், மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் அவற்றுக்குள் அடங்கும். ஐதராபாத்தைப் போல ஓர் ஐரோப்பிய நாட்டுக்கு இணையான பரப்புடையவையும் இருந்தன. சில கிராமங்களே எல்லையாகக் கொண்டவையும் இருந்தன.

பாதுகாப்பையும் வெளிநாட்டு உறவையும் பிரிட்டிஷ் அரசு தன் கையில் வைத்துக்கொண்டு, உள்நாட்டு ஆட்சியை மன்னர்களிடம் விட்டிருந்தது. மன்னர்களுக்கு மேலே நின்ற அந்த அதிகாரத்துக்கு மேலாதிக்க உரிமை என்று பெயர். 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டம் இந்த உரிமையை இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ மாற்றித் தரவில்லை. ஆகஸ்ட் 15 அன்று அது காலாவதியாகும் என்று மட்டுமே சொன்னது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், அன்றைய தினம் ஒவ்வொரு மன்னரும் யாருக்கும் கட்டுப்படாதவராகிவிடுவார்.

மன்னர்களின் மனநிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்கள். காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் அரியணையோடு அரண்மனையும் போய்விடும் என்று அஞ்சியவர்கள். 1947 ஏப்ரலில் குவாலியரில் நடந்த சமஸ்தான மக்கள் மாநாட்டில், அரசியல் நிர்ணய சபையில் சேராத சமஸ்தானங்கள் பகை அரசுகளாகக் கருதப்படும் என்ற பொருளில் ஜவாஹர்லால் நேரு பேசினார். மக்கள் உரிமை என்ற நோக்கில் அந்தப் பேச்சில் குறை காண்பது கடினம். ஆனால் ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவரை மேலும் அச்சுறுத்தினால், அவர் அடைக்கலம் தேடி வேறு வாசலைத் தட்டுவார். அந்த வாசல், பாகிஸ்தானின் தலைநகராகப்போகும் கராச்சியில் திறந்திருந்தது.

முதலில் கேட்டவை மூன்று துறைகள்

1947 ஜூலை 5 அன்று சமஸ்தானத் துறை செயல்படத் தொடங்கியது. அமைச்சர் பட்டேல், செயலாளர் வி.பி. மேனன். மலபாரின் ஒற்றப்பாலத்தைச் சேர்ந்த மேனன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்; கோலார் தங்கவயலில் வேலை பார்த்து, பின்னர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். பெரிய மனிதர்களின் கௌரவக் கணக்குகளைக் கீழே இருந்து பல ஆண்டுகள் பார்த்தவர் என்பதால்தானோ என்னவோ, அவற்றை அவர் சரியாகவே படித்தார். இது என் ஊகம்.

அன்றைய தினம் பட்டேல் வெளியிட்ட அறிக்கை, சமஸ்தானங்களிடம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளை மட்டுமே கேட்டது. இவற்றை இந்தியாவிடம் ஒப்படைத்துக் கையெழுத்திடும் ஆவணத்துக்கு இணைப்பு ஒப்பந்தம் என்று பெயர். அந்நியர்களைப் போல உடன்படிக்கை செய்துகொள்வதைவிட நண்பர்களாக ஒன்றாக அமர்ந்து சட்டம் இயற்றுவது மேல் என்று அந்த அறிக்கை மன்னர்களைத் தோழமையோடு அழைத்தது.

கேட்ட அளவைக் கவனிக்க வேண்டும். இந்த மூன்று துறைகளும் பிரிட்டிஷார் காலத்திலும் மன்னர்களின் கையில் இருந்ததில்லை. தங்களிடம் இல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் அவர்களிடம் கேட்கப்பட்டது. இழப்பை அஞ்சும் மனத்துக்கு முன்னே இழப்பே இல்லாத ஒரு முதல் படி வைக்கப்பட்டது. அதில் ஏறியவர் பிறகு என்ன ஆனார் என்பதைப் பின்னால் பார்ப்போம். அந்தப் பகுதி அவ்வளவு அழகானதன்று.

யார் சொன்னால் யார் கேட்பார்?

சொல்லும் வாயைப் பொறுத்துச் சொல்லின் எடை மாறும். ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்த ஒரு காங்கிரஸ்காரர் சொன்னால் எதிரியின் கட்டளையாகத் தோன்றும் அதே செய்தி, விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரனும் பிரிட்டிஷ் மன்னரின் உறவினருமான மவுண்ட்பேட்டன் சொன்னால், சமமானவர் ஒருவர் கூறும் நல்லுரையாகத் தோன்றும். பட்டேலும் மேனனும் இதை அறிந்து, வைஸ்ராயையே முன்னால் நிறுத்தினார்கள். தம் புகழில் பங்கு போய்விடுமே என்று பட்டேல் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிரில் இருப்பவரின் அகந்தையைக் கையாளும் வேலையில் தன் அகந்தை குறுக்கே வந்தால் காரியம் கெடும்.

ஜூலை 25 அன்று மன்னர்கள் மன்றத்தில் மவுண்ட்பேட்டன் முழுச் சீருடையில், பதக்கங்கள் அனைத்தும் அணிந்து வந்து பேசினார். அண்டை வீடாக இருக்கப்போகும் புதிய அரசிடமிருந்தும், உங்கள் நலனை நம்பியிருக்கும் குடிமக்களிடமிருந்தும் நீங்கள் ஓடிவிட முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். பிறகு கேள்விகள் எழுந்தன. தம் மன்னர் கடற்பயணத்தில் இருப்பதால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார் ஒரு திவான். மவுண்ட்பேட்டன் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைக் கையில் எடுத்தார். அதை உற்றுப் பார்ப்பதுபோல் சில நொடி பாவனை செய்துவிட்டு, "இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி உங்கள் மன்னர் சொல்கிறார்" என்றார். மன்றம் முழுவதும் சிரித்தது. இறுக்கம் தளர்ந்த அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு. சேர்ந்து சிரித்தவர்கள் மறுநாள் சேர்ந்து கையெழுத்திடக் கூச்சப்பட மாட்டார்கள்.

ஜோத்பூர் மகாராஜாவின் கோபம்

ஜோத்பூரின் ஹன்வந்த் சிங்குக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் பட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய சமஸ்தானம் பாகிஸ்தான் எல்லையை ஒட்டியிருந்தது. ஜின்னா அவரிடம் ஒரு வெற்றுத்தாளை நீட்டி, விரும்பிய நிபந்தனைகளை எழுதிக்கொள்ளலாம் என்றதாக மேனன் எழுதியிருக்கிறார். கராச்சித் துறைமுகத்தைப் பயன்படுத்தலாம், ஆயுதங்களைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம், சிந்து மாகாணத்து ஐதராபாத்துக்குச் செல்லும் ரயில் பாதையின் மீது அதிகாரம் உண்டு, பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் உண்டு என்ற உறுதிகள் பேசப்பட்டன.

செய்தி அறிந்த மேனன், மகாராஜாவை மவுண்ட்பேட்டனிடம் அழைத்துச் சென்றார். பாகிஸ்தானோடு சேரச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு என்று மவுண்ட்பேட்டன் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அதன் விளைவு கலவரமாகத்தான் இருக்கும் என்று எச்சரித்தார். மகாராஜாவின் கோரிக்கைகள் ஒதுக்கப்படவில்லை. ஆயுத இறக்குமதி, பஞ்ச காலத் தானியம், கட்ச் துறைமுகத்துக்கு ரயில் பாதை ஆகியவற்றுக்குப் பட்டேல் இசைவு தந்தார். மகாராஜா கையெழுத்திட்டார். மவுண்ட்பேட்டன் அறையைவிட்டு வெளியே போனதும், பேனாவுக்குள் ஒளித்து வைத்திருந்த சிறு துப்பாக்கியை எடுத்து மேனனை நோக்கி நீட்டி, உன் கட்டளைக்கு நான் பணிய மாட்டேன் என்றார். என்னைக் கொன்றாலும் மிரட்டினாலும் இணைப்பு ரத்தாகிவிடாது, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு வேண்டாம் என்று மேனன் பதிலளித்தார்.

பலரும் இந்தச் சம்பவத்தைத் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதற்குப் பிறகு நடக்காமல் போனவை. மகாராஜாவைக் கைது செய்யவில்லை. துப்பாக்கி விவகாரத்தை நாடறியச் செய்து அவரை அவமானப்படுத்தவில்லை. ஒப்புக்கொண்ட சலுகைகளைத் திரும்பப் பெறவும் இல்லை. இளைஞர் ஒருவர் தோல்வியை விழுங்குகிற வேளையில் வெடித்துவிட்ட கோபம் என்று அதை எடுத்துக்கொண்டு, காரியத்தைப் பார்த்தார்கள். இதே ஹன்வந்த் சிங் முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளராக மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றார். அரியணை போனாலும் முதன்மை மீதான ஆசை போய்விடவில்லை. அது செல்ல வேறு ஒரு பாதை கிடைத்திருந்தது. பின்னாளில் எத்தனையோ அரச குடும்பத்தினர் அதே பாதையில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

போபாலுக்குத் தரப்பட்ட பத்து நாள்

போபால் நவாப் ஹமீதுல்லா கான் மன்னர்கள் மன்றத்தின் தலைவராக இருந்தவர். இணைப்பை முன்னின்று எதிர்த்தவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட, அவரும் இறுதியில் இசைந்தார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பத்து நாள் வரை இதை வெளியிட வேண்டாம். அரசுக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. நவாபுக்கோ, நேற்றுவரை தம் பின்னால் நின்றவர்கள் முன்னால் தலைகுனியாமல் இருக்க அந்தப் பத்து நாள் போதுமானதாக இருந்தது. வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

பிறகு நவாப் பட்டேலுக்கு எழுதினார். போராட்டம் நடந்தபோது என்னால் இயன்ற எல்லா வழியிலும் எதிர்த்தேன் என்பதை மறைக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்ட பின், எவ்வளவு உறுதியான எதிரியாக இருந்தேனோ அவ்வளவு உறுதியான நண்பனாகவும் இருப்பேன் என்பது அக்கடிதத்தின் சாரம். உங்கள் இணைப்பை எங்கள் வெற்றியாகவோ உங்கள் தோல்வியாகவோ நான் பார்க்கவில்லை, நியாயம் வென்றது, அதில் நம் இருவருக்கும் பங்குண்டு என்று பட்டேல் பதில் எழுதினார். வென்றவர் வெற்றி என்ற சொல்லைக் கைவிடுவதால் எதுவும் குறைவதில்லை. ஆனாலும் அதைச் செய்ய மனம் வருவது அரிது. நம் சட்டமன்றங்களின் அன்றாட நடவடிக்கைகளைப் பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு அரிது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவற்றில் பொதுவாக இருப்பது என்னவென்றால், எதிராளி இறங்கி வருவதற்கு ஒரு படிக்கட்டை எதிர்த்தரப்பே கட்டிக்கொடுத்தது. அந்தப் படிக்கட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது: ஒருவருக்கு ரயில் பாதை, இன்னொருவருக்குப் பத்து நாள் மௌனம்.

மானியமும் மரியாதையும்

இணைப்பு ஒப்பந்தத்தோடு வேலை முடியவில்லை. சிறு சமஸ்தானங்களை அண்டை மாகாணங்களோடு கலப்பது, நடுத்தரமானவற்றை ஒன்றுசேர்த்துப் புதிய ஒன்றியங்களாக்குவது என்ற இரண்டாம் கட்டம் 1947 டிசம்பரில் ஒரிசாவிலும் சத்தீஸ்கரிலும் தொடங்கியது. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தொண்டைமான்களின் அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.

இந்தக் கட்டத்தில் மன்னர் இழப்பது உண்மையான ஆட்சியதிகாரம். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் அரசு வழங்க ஒப்புக்கொண்ட, வருமான வரி இல்லாத தொகைதான் மன்னர் மானியம். ஒரிசாவிலும் சத்தீஸ்கரிலும் வகுத்த கணக்கு, சமஸ்தானத்தின் ஆண்டு வருவாயில் முதல் 1 லட்சத்துக்கு 15 சதவீதம், அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு ஏழரை சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் என்று அமைந்தது. 10 லட்சம் வருவாயுள்ள சமஸ்தானத்தின் மன்னருக்கு இதன்படி 15,000, 40,000, 37,500 ஆகியவற்றைக் கூட்டி ஆண்டுக்கு 92,500 ரூபாய் கிடைக்கும். மைசூர் போன்ற பெரிய சமஸ்தானங்கள் பதினொன்றுக்கு விதிவிலக்கு உண்டு; மைசூர் மகாராஜாவுக்கு 26 லட்சம். மறுகோடியில், சௌராஷ்டிரத்தின் கடோடியா என்ற சிற்றிடத்தின் தலைவருக்கு ஆண்டுக்கு 192 ரூபாய்.

ஒரு சூத்திரத்தை வைத்ததே பாதி வெற்றி. தொகை குறைவு என்ற மனக்குறையை மனிதர் தாங்கிக்கொள்வார்; பக்கத்துச் சமஸ்தானத்துக்காரர் பேரம் பேசி அதிகம் வாங்கிவிட்டார் என்ற எண்ணத்தைத் தாங்க மாட்டார். எல்லாருக்கும் ஒரே கணக்கு என்றானபின் பொறாமைக்குப் பிடிமானம் குறைந்துவிடுகிறது. பெரிய பதினொருவருக்குத் தந்த விதிவிலக்கோ, பொறாமையைத் தாண்டி மேலே நின்றவர்களுக்கு உரியது.

பணத்தைவிடச் செலவு குறைந்தவை மரியாதைகள். பீரங்கி முழக்கத்தில் யாருக்கு எத்தனை குண்டு என்பதில் மன்னர்களுக்குள் கடுமையான தரவரிசை இருந்தது. ஐதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் ஆகிய ஐந்துக்கு மட்டுமே 21. இந்த முழக்கமும், பட்டங்களும், கொடியும், காருக்குத் தனிச் சிவப்பு எண் பலகையும் அவர்களிடமே விடப்பட்டன. இவற்றைக் கண்டு முற்போக்காளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எல்லா மானியங்களும் சேர்ந்து தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.8 கோடி ரூபாய். சமஸ்தானங்கள் ஒப்படைத்த ரொக்கமும் முதலீடுகளும் மட்டுமே 77 கோடிக்கு மேல்; ரயில் பாதைகளும் கட்டடங்களும் நிலங்களும் அதில் அடங்கா. 1949 அக்டோபர் 12 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பட்டேல், ரத்தம் சிந்தாத புரட்சிக்கு இது சிறிய விலை என்று வாதிட்டார்.

இரண்டு தலைநகரங்கள்

குவாலியரின் சிந்தியாக்களுக்கும் இந்தோரின் ஹோல்கர்களுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே போட்டி. இரண்டையும் சேர்த்து 1948-இல் மத்திய பாரதம் என்ற ஒன்றியம் அமைத்தபோது, தலைநகரம் எது என்ற கேள்வியில் எல்லாம் நின்றுபோகும்போல் இருந்தது. குளிர்காலத்தில் குவாலியர், கோடையில் இந்தோர் என்று முடிவாயிற்று. கோப்புகளையும் அதிகாரிகளையும் ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றுவது நிர்வாகத்துக்குப் பெரும் தொல்லை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றியமே உருவாகாமல் போவதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய தொல்லை.

இந்த ஒன்றியங்களின் தலைமைப் பதவிக்கு ராஜப்பிரமுகர் என்று பெயர். மாகாண ஆளுநருக்கு நிகரானது. 1949 மார்ச் 30 அன்று பெரிய ராஜஸ்தான் உருவானபோது ஜெய்ப்பூர் மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். ஆனால் ராஜபுத்திர மரபில் எல்லாருக்கும் மூத்த வீடு என்று மதிக்கப்படுவது உதய்பூர். அதன் மகாராணாவுக்கு மகாராஜப்பிரமுகர் என்று புதிதாக ஒரு பதவியே படைக்கப்பட்டது. அதிகாரம் ஜெய்ப்பூருக்கு, முதல் மரியாதை உதய்பூருக்கு. ராஜப்பிரமுகர் பதவிகள் அனைத்தும் 1956-இல் மாநிலச் சீரமைப்போடு ஒழிந்தன. அதற்குள் ஒன்றியங்கள் வேர் பிடித்திருந்தன. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் பின்னர் ஆளுநராகப் பணிபுரிந்தார். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்துக்கும் அவரே ஆளுநர்.

மீண்டும் சுருக்கமாகச் சொன்னால், பணத்தால் அச்சத்தையும் பட்டத்தால் அகந்தையையும் ஒரே சூத்திரத்தால் பொறாமையையும் அமைதிப்படுத்தி, ஆட்சியதிகாரத்தை மக்கள் பக்கம் நகர்த்தினார்கள்.

இனிய சொல்லுக்குப் பின்னால் இருந்தவை

இவ்வளவையும் படித்துவிட்டு, மென்மையாகப் பேசினால் எல்லாரும் வழிக்கு வருவார்கள் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. மன்னர்களின் காலடியில் தரை நழுவிக்கொண்டிருந்தது. பிரஜா மண்டலங்கள் என்ற குடிமக்கள் இயக்கங்கள் பல சமஸ்தானங்களில் ஆண்டுக்கணக்கில் போராடிவந்தன. திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப்போவதாக அறிவித்த திவான் சி.பி. ராமசாமி ஐயர், 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். ஐந்தே நாளில் மகாராஜாவின் இசைவு தந்தியில் டெல்லிக்குப் போயிற்று. அச்சமும் மனித இயல்பில் ஒன்றுதான். பட்டேல் அதை உண்டாக்காவிட்டாலும், அது இருக்கிறது என்பதை மறந்ததில்லை.

படிக்கட்டைக் கட்டிக்கொடுத்தும் இறங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். ஜூனாகட் நவாப் பாகிஸ்தானோடு சேர்வதாக அறிவித்து, பிறகு கராச்சிக்குப் போய்விட்டார். 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு ஆதரவாக விழுந்தவை 91 வாக்குகள் மட்டுமே. காஷ்மீரின் கதை தனிக் கட்டுரைக்குரியது. ஐதராபாத்தில் ஓராண்டு காலம் பேச்சு நடந்தது. நிஜாமின் சுற்றத்தில் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் என்ற தனி ஆயுதப் படை ஆதிக்கம் பெற்ற பிறகு, சமரசம் பேச நிஜாமுக்கே கை கட்டப்பட்டிருந்தது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்து 17-இல் முடித்தது. அதைத் தொடர்ந்து முஸ்லிம்களுக்கு எதிராகப் பல மாவட்டங்களில் நடந்த கொலைகளை விசாரிக்கப் பண்டித சுந்தர்லால் தலைமையில் குழு சென்றது. அதன் அறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படவே இல்லை. ரத்தம் சிந்தாத புரட்சி என்ற பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

நிஜாமை என்ன செய்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. போரில் தோற்றவரைச் சிறையில் அடைக்காமல், 1950-இல் ஐதராபாத்தின் ராஜப்பிரமுகராக்கினார்கள். அவரை இழிவுபடுத்தியிருந்தால், அவர் மீது பற்றுக் கொண்டிருந்த லட்சக்கணக்கானோர் அந்த இழிவைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கொடுத்த வாக்கு

மூன்று துறைகளுக்கு மேல் கேட்க மாட்டோம் என்ற உறுதியின் பேரில் 1947 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சிறு மன்னர்களிடம், அதே ஆண்டு டிசம்பரில் சமஸ்தானத்தையே ஒப்படைக்கும்படி கேட்டார்கள். சட்டம் ஒழுங்கைக் காக்க இயலாத சிற்றரசுகளால் மக்களாட்சியையும் தாங்க முடியாது என்பது அரசு தந்த காரணம். காரணம் உண்மையானதுதான். ஆனால் முதல் படியில் ஏற்றும்போதே இரண்டாம் படியைப் பற்றிய எண்ணம் டெல்லியில் எவருக்கும் இருந்ததில்லை என்று நம்புவது கடினம். ராஜதந்திரத்துக்கும் சூழ்ச்சிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இந்த இடத்தில் மங்கலாகத்தான் இருக்கிறது. மங்கலை ஓரளவு தெளியவைப்பது, இரண்டாம் முறை கேட்டபோது ஈடு கொடுத்தார்கள் என்பதும், அந்த ஈட்டை அரசியலமைப்பின் 291, 362 ஆகிய பிரிவுகளில் எழுதியும் வைத்தார்கள் என்பதுமே.

அரசியலமைப்பில் ஏன் எழுத வேண்டும்? படையையும் கருவூலத்தையும் ஒப்படைத்துவிட்ட ஒருவருக்கு, வாக்கு மீறப்பட்டால் தட்டிக் கேட்க எந்த வலுவும் இல்லை. அடுத்து வரும் ஆட்சியாளர்களும் மனிதர்கள்தாமே. பலமிழந்தவருக்குக் கொடுத்த வாக்கு அவர்களுக்குச் சுமையாகத் தோன்றும் என்று பட்டேல் எண்ணியிருக்க வேண்டும். மானியத்தை மறுப்பது நம்பிக்கைத் துரோகம் என்று 1949-இலேயே சபையில் அவர் எச்சரித்தார்.

அவர் கணக்கில் விடுபட்டது 1960-களின் வாக்காளர். விலைவாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மக்களின் கண்ணுக்கு, வேலை செய்யாமல் வரியும் கட்டாமல் லட்சங்கள் பெறும் முன்னாள் மன்னர்கள் எரிச்சலையே தந்தார்கள். அந்த எரிச்சலைக் கண்டுகொண்டவர் இந்திரா காந்தி. 1970 செப்டம்பரில் மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் 149-க்கு 75 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவர் ஆணையால் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. அந்த ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அது பட்டேலின் இருபதாம் நினைவு நாள் என்பது தற்செயல். மறு ஆண்டு பெரும் வெற்றியோடு திரும்பிவந்த அரசு, 26-ஆம் திருத்தத்தின் மூலம் 1971 டிசம்பர் 28 முதல் மானியத்தையும் அங்கீகாரத்தையும் ஒழித்தது.

ஒழித்தது சரியா என்ற கேள்விக்கு என் விடை, சரி என்பதே. பிறப்பால் வரும் ஓய்வூதியம் குடியரசில் நெடுங்காலம் நிலைக்க முடியாது. ஆனால் ஒழித்த விதத்தில் 1947-இன் பக்குவம் இல்லை. மானியத்தை அப்போதிருந்தவரின் ஆயுளோடு முடித்திருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கான பேச்சு சில ஆண்டுகள் நடந்து முறிந்தது, இரு தரப்பின் பிடிவாதத்தாலும். 26-ஆம் திருத்தத்தின் வாசகத்தில் இடைக்காலத் தொகை என்று எதுவுமே இடம்பெறவில்லை.